ஒரே ஓட்டை, பதினான்கு இடத்தில்

காரைக்கால்
4 மார்ச் 2026

அன்புத் தங்கை ஜெனிஷாவுக்கு,

தவக்காலத்தில் கோபத்தை அடக்க வேண்டும் என்று சாமியார் முதல் ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கத்தில் சொன்னார். நானும் தலையை ஆட்டிக் கேட்டேன். அதனால்தான் உன் பார்சல் வந்த அன்றே எழுதாமல் ஆறு நாள் பொறுத்தேன். குறையவில்லை. எழுதிவிடுகிறேன்.

நானும் உன் அத்தானும் சுகம். அவருக்குத்தான் இந்த ஆறு நாளாக ரசமும் அப்பளமும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

பார்சலில் இரண்டு இருந்தன. ஒன்று, கழுத்தெல்லாம் தடித்துப்போயிற்று என்று உங்கள் ஊர் அம்மா ஒருவர் திருப்பிக் கொடுத்த ஸ்கார்ஃப். மற்றொன்று, கிறிஸ்துமஸுக்கு அந்தக் குளிர் தேசத்தில் நீ விற்ற அறுபது ஸ்கார்ஃபும் என் கையால், இலையால் மட்டுமே செய்தவை என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அது வந்தால்தான் ஈஸ்டர் கண்காட்சியில் உனக்குக் கடை கொடுப்பார்களாம். கூடவே உன் சீட்டு: ஏதோ இலை மாறிப்போச்சு போலக்கா, இனிமே பாத்துச் செய்.

பாத்துச் செய்! என்னிடம் சொல்கிறாய்.

உன் அத்தான் தாளைப் பார்த்துவிட்டு, போட்டுடேன் ஜூலியட்டு, கூடப் பொறந்தவதானே, ஒரு கையெழுத்துல என்ன தேஞ்சுபோவப் போற என்றார். ரசம் அன்றைக்குத் தொடங்கியது.

நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை. போனில் வீடியோ பார்த்து, பதினோரு துணியைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது. கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய பட்டில் தேக்கங்கொழுந்தைப் பரப்பி, குழாயில் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு மணி நேரம் ஆவியில் வைக்கிறேன். என்ன வந்திருக்கிறது என்று கட்டை அவிழ்க்கும்வரை எனக்கே தெரியாது. அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டுதான் அவிழ்ப்பேன். ஓர் இலை ஒரு முறைதான் சாயம் விடும். அப்புறம் அது வெறும் சக்கை.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேள். பார்சல் வந்த மறுநாள் அந்த ஸ்கார்ஃபைக் கொல்லையில் விரித்துப் பார்த்தேன். அழகான தேக்கு இலை. நடு நரம்புக்கு இடப்பக்கம் புழு தின்ற ஓட்டை, அவரை விதை அளவு. பக்கத்து இலையிலும் அதே பக்கம், அதே ஓட்டை. அதற்கடுத்ததிலும். சிலுவைப் பாதைத் தலங்களை எண்ணுவதுபோல் விரல் வைத்து எண்ணினேன். இங்கேயும் பதினான்கு. புழு என்ன அளவெடுத்தா தின்கிறது?

உடனே உனக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை டைட்டஸ் எடுத்தார். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். மறுநாளும் குளியல். அதற்கு மறுநாளும். அந்தக் குளிரில் அவ்வளவு குளிக்காதே, சளி பிடிக்கும். மூன்றாம் நாள் டைட்டஸே சொல்லிவிட்டார்: மெஷின்லதாங்க்கா அடிச்சோம், இங்க எல்லாரும் செய்யறதுதான், டிசைன் ஒங்களுதுதானே.

அந்த ஓட்டை எனக்குத் தெரிந்த ஓட்டை, ஜெனிஷா. துணிக்கு ஒரு பக்கம் என்று நோட்டு வைத்திருக்கிறேன். எந்த மரத்து இலை, எத்தனை இலை, எந்தத் தேதி, ஆவியில் எவ்வளவு நேரம், எல்லாம் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: ரோஷன் பேகம் வீட்டுத் தேக்கு, ஏழு இலை, ஒன்றில் ஓட்டை. பக்கத்து வீட்டு ரோஷன் பேகம் நம் வேலைக்கு இலை பறித்துக் கொடுப்பவள். அன்றைக்கு, ஓட்டை எல எதுக்குக்கா, தள்ளிப் போடுங்க என்றாள். அதையும் ஆண்டவர்தாண்டி படைச்சார் என்று நான்தான் வைத்தேன். அந்த ஒன்பதாவது விற்பதற்கு இல்லை. உன் பிறந்தநாளுக்கு அனுப்பியது. உன் கழுத்துக்குக் கொடுத்ததைக் கழற்றி மெஷினிடம் காட்டியிருக்கிறாய்.

அறுபது வேண்டும் என்று அக்டோபரில் கேட்டாய். இலை முற்றிவிட்டது, சாயம் இறங்காது, இருபத்திரண்டுதான் முடியும் என்றேன். சரிக்கா, போதும் என்றாய். அந்தப் போதும் எனக்கு மட்டும் சொன்னது போலிருக்கிறது. மீதி முப்பத்தெட்டிலும் ‘ஜூலியட், காரைக்கால்’ என்று என் பெயரைத் தைத்தாய். அதையாவது பொறுத்திருப்பேன். ஒருத்திக்குக் கழுத்து வெந்துபோன பிறகும், அது மெஷின் சாயம் என்று தெரிந்தும், இலை மாறிப்போச்சு என்று எனக்கே எழுத உனக்குக் கை வந்ததே!

அந்தச் சீட்டை நம்பி நானும் முதல் நாள் ரோஷன் பேகத்திடம் சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது. யா அல்லா, எங்க வூட்டு எலையா அந்தம்மாவுக்கு அப்புடிப் பண்ணுச்சு என்று கேட்டு, பேரப் பிள்ளையை மரத்தடிக்கே விடவில்லை. மரம் இப்போது மொட்டையாக நிற்கிறது. இலையே இல்லாத மரத்துக்குப் பயந்தாள். உண்மை தெரிந்ததும் அவள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்க வேண்டியது அது.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் கையெழுத்து இல்லை, இருக்கவும் இருக்காது. கூடவே நோட்டிலிருந்து, நீ விற்க நான் அனுப்பிய இருபத்திரண்டுக்கும் உரிய பக்கங்களை என் கையாலேயே நகல் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கண்காட்சிக்காரர்களிடம் கொடு. மீதிக்கு யார் பெயர் போட வேண்டுமோ போட்டுக்கொள். கடை போனால் போகட்டும். அதற்கு முன் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், இது என் அக்கா செய்ததில்லை, நாங்கள் செய்தது என்று உன் வாயால் சொல். டைட்டஸை அனுப்பாதே. நீ போ.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் அந்த அம்மாவின் கழுத்துக்காக வேண்டிக்கொள்வேன். உனக்காகவும்தான். சித்திரை கடந்தால் தேக்கு துளிர்க்கும். அதற்குள் ஒரு நாள் நீயே போன் செய், குளிக்காத நேரமாகப் பார்த்து.

அந்த ஒன்பதாவது உன்னிடம் இருக்கிறதுதானே? அங்கே இன்னும் குளிர் என்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போகும்போது அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போ. அது அரிக்காது.

உண்மை சொல்லும் நேரத்தில் மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும்.

நீ கேட்ட கையெழுத்தை இங்கே போடுகிறேன்,
உன் அக்கா
அ. ஜூலியட்