காயாத சிவப்பு

என் மகள் சிபுயிலேவுக்கு அம்மா எழுதுவது. மலையில் நாங்கள் எல்லோரும் சுகம், என் சளி ஒன்றுதான் விடவில்லை. கேப் டவுன் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். உன் சின்னண்ணன் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, உன் மூக்கு.

கண்காட்சிக்காக எங்கள் அச்சுப் பட்டறையில் எடுத்துத் தரச் சொல்லி நீ கேட்ட இருபது படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சடிக்க நீ படம் செதுக்கி அனுப்பிய செப்புத் தகட்டைப் பார்த்தேன். அதில் மலை ஏறும் மாடுகளை எண்ணினேன், பதினொன்று. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நீ பஸ் ஏறியதும், உன் பரிசமாக வந்த அந்தப் பதினொன்றும் திரும்பிப் போனதும் நான் மறக்கக்கூடியதா? இருந்தாலும் நீ கேட்ட மண் சிவப்பு மையை நானே அரைத்தேன். காவி குறைந்தது. கொட்டகைப் பரணில் ஒரு பழைய டப்பாவில் செம்மண் உருண்டை கிடந்தது, நுணுக்கி ஆளி எண்ணெயில் குழைத்தேன், நிறம் அருமையாக வந்தது, படமும் எடுத்தோம். ஆறு நாளாகியும் விரல் வைத்தால் ஒட்டியது, இருபதும் பாழ். பட்டறைத் தலைவர் இனிமேல் கடையில் வாங்கும் மைதான் என்று சொல்லிவிட்டார். அனுப்பப் பத்து நாள்தான் இருந்தது. பக்கத்து மேஜையில் படம் எடுக்கும் மாசிபியாதான் என் மையில் கொழுப்பைக் கலந்தாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். உன் பெரியண்ணன் கல்யாணத்தில் நான் காய்ச்சிய பீரைப் புளித்த தண்ணீர் என்றவள்தானே அவள்.

அவள் அந்த டப்பாவை எடுத்து மோந்தாள். "இது மையாக்குற மண்ணு இல்ல, கொழுப்புப் போட்டுப் பிசைஞ்சு கல்யாணப் பொண்ணு தலைக்குப் பூசுறது. உன் மூக்கு எங்கே போச்சு?" என்றாள். கவிழ்த்தபோது உனக்காக நான் கோத்த வெள்ளை மணிச்சரம் விழுந்தது. எதையும் மறக்காத நான், நீ போன அன்று கண்ணில் படக்கூடாது என்று பரணில் தள்ளியதை மட்டும் மறந்திருக்கிறேன். கொழுப்பு காயுமா?

காகிதமும் தீர்ந்திருந்தது. மாசிபியா தன் படங்களுக்கு வைத்திருந்த இருபது தாளை அச்சடிக்கத் தோதாக நனைத்துக் கொண்டுவந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பத்தொன்பது வருஷமா என்னைத் திட்ட ஒரு காரணம் தேடினே, கெடைச்சதும் பொய்யாப் போச்சே, பாவம்" என்றாள். ஆற்றங்கரையிலிருந்து புதிதாக எடுத்து வந்த காவியை அரைத்தேன், அவள் அச்சு இயந்திரத்தின் சக்கரம் சுற்றினாள். இன்று காலை மேல்படத்தின் ஓரத்தில் விரல் வைத்தேன், ஒட்டவில்லை. இருபதும் இந்தக் கடிதத்தோடு வரும் கட்டுக்குள் இருக்கின்றன. கடை மைப் பேச்சைத் தலைவர் மறுபடி எடுக்கவில்லை.

முன்னோர்கள் உன் கூடவே நடக்கட்டும். படங்களுக்கு நடுவில் வைத்த மெல்லிய தாள்களை அவசரப்பட்டு உரிக்காதே. டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன், இனி அதில் மைதான். குழந்தையைப் பார்க்க வா, உன் தலையில் யாரும் எதையும் பூச மாட்டார்கள்.

மணிச்சரத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். கழுத்துக்குப் போட்டுக்கொள்.

உன் அம்மா,
மாஸுங்கு