அண்ணனின் கைராசி

தை கடைசி, ஞாயிறு இரவு.

வயிறு எரிகிறது. அண்ணன் கைராசிக்காரராம், அவர் முதல் நாற்றை வைத்தால்தான் எங்கள் வயலில் நடவு. ஆனையூரில் இருந்துகொண்டு, "அடுத்த வாரம் வாரேன்" என்றே இழுத்தடித்தார். நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப்போனது. பிந்தி நட்ட பயிர் மார்கழிப் பனியில் பூத்தது. இன்று அறுத்தோம். பாதிக்குமேல் பதர்.

களத்தில் வந்து நின்று, "இம்புட்டுப் பதரா! பனி கெடுத்திருச்சுடா தம்பி" என்கிறார்.

"பனி மார்கழியில சரியாத்தாண்ணே வந்துச்சு. நீங்கதான் வரல" என்றேன்.

அவருக்கு உறைக்கவே இல்லை. காரில் ஏறும்போது, "அடுத்த நடவுக்கும் நான் வந்துதான் மொத நாத்து. அவசரப்பட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உழுவது நான், நாற்று விடுவது நான். நடுவதற்கு மட்டும் என் கைக்கு என்ன குறைச்சல்?