மாப்பிள்ளையின் பெயர்

மசாக்கா,
3 ஆகஸ்ட் 1998

மதிப்புக்குரிய நஸ்ஸூனா அவர்களுக்கு,

என் மகன் முகீபி உங்கள் அண்ணன் மகள் நகிட்டோவைக் கட்டப்போகிறான். 22ஆம் தேதி பெண் வீட்டில், நம் வழக்கப்படி, வெள்ளை அங்கி போட்ட எங்கள் ஆண்களுக்குள் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லி அழைக்கவேண்டியது அத்தையாகிய நீங்கள். பழசை வைத்துப் பிள்ளைகளைப் பழிவாங்கிவிடாதீர்கள். அன்று உங்கள் பெயர் எனக்கு உண்மையிலேயே வரவில்லை. என் அப்பாவின் சமாதி மேல் ஆணை.

கலுங்கி

ம்பிகி,
9 ஆகஸ்ட் 1998

கலுங்கி,

இப்போதாவது என் பெயர் ஞாபகம் வந்ததே, சந்தோஷம். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார்: "எந்தப் பொண்ணுக்காகப்பா வந்திருக்கே? பேரைச் சொல்லு." நீ வாயைத் திறந்தபடி நின்றாய். ஊரே சிரித்தது. அப்பா உங்கள் சீர்க்கூடைகளைத் திருப்பி அனுப்பினார். நான் பாயில் மண்டியிட்டபடியே இருந்தேன். அதற்கப்புறம் எனக்காக ஒரு கூடையும் வரவில்லை.

எனக்கும் வயதாகிறது. பெயர்கள் தொண்டையில் மாட்டிக்கொள்கின்றன. பார்ப்போம்.

நஸ்ஸூனா

மசாக்கா,
24 ஆகஸ்ட் 1998

நஸ்ஸூனா,

நினைத்ததைச் சாதித்துவிட்டாய். என் பையன் கையைப் பிடித்துக்கொண்டு "இவரு... இவரு பேரு..." என்று எவ்வளவு நேரம் இழுத்தாய்! நல்ல நடிப்பு. இனி என் வீட்டுப் படி மிதிக்காதே.

கலுங்கி

ம்பிகி,
30 ஆகஸ்ட் 1998

கலுங்கி,

மறந்ததுபோல் நடிக்கத்தான் வந்தேன். கண்ணாடி முன்னால் நாலு நாள் பழகிக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் போனதும், உன்னுடைய அதே காதுகளோடு அந்தப் பையன் நடுங்கியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெயரைக் காணோம். தேடத் தேட உன் பெயர்தான் வந்து வழியை மறித்தது. அதைச் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று நின்றேன்.

பாயிலிருந்து நகிட்டோ சிரித்துவிட்டாள். "அத்தே, முகீபி! முகீபின்னு கூப்பிடுங்க!" கூட்டமும் சிரித்தது, காரியம் நடந்தது. அன்று பாயிலிருந்து நானும் உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ரோஷம் விடவில்லை.

ஆக, பெயர் அப்படிக் காணாமல் போகும்தான். நீ அன்று பொய் சொல்லியிருக்கமாட்டாய். நானும் இப்போது பொய் சொல்லவில்லை. ஆனால் நீ நம்பமாட்டாய், தெரியும். நான் இருபத்தொன்பது வருடம் நம்பவில்லை.

இனி உன் முறை.

நஸ்ஸூனா