பாலத்துக்குக் காவல்

பான், மேற்கு ஜெர்மனி, 6 டிசம்பர் 1971

மழை, நடுவில் கொஞ்சம் பனி. அடுப்பு சரியாக எரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியரிடம் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் கொடுக்க வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் ஒரு ரிசர்வ் படையை ('கோர்' என்பார்கள்) திரட்டிய விதம். சேவை முடித்து வீடு திரும்பிய குடும்பஸ்தர்கள், ஓய்விலிருந்து இழுத்து வந்த ஜெனரல், குறைந்த பீரங்கி. இரண்டு டிவிஷன் சேர்ந்தால் ஒரு கோர். படம் போட்டேன், அழகாக வந்திருக்கிறது. ஏதோ நானே திரட்டியது போல ஒரு பெருமை.

வாங்க வேண்டியவை: அரிசி, டைப்ரைட்டர் ரிப்பன், ஷூ லேஸ்.

ரேடியோவில் பாகிஸ்தானோடு நம் சண்டை பற்றி ஒரே வாக்கியம். அடுத்து கால்பந்து.

7 டிசம்பர்

வேலூரிலிருந்து அண்ணி கடிதம். அண்ணன் பட்டாளத்தை விட்டு வந்து பஸ் டிப்போவில் மெக்கானிக். ரிசர்வ் ஆள் என்று திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். போய்விட்டான்.

"ரிசர்வ்ல இருக்கறவங்களைப் பின்னாடிதானே வைப்பாங்க தம்பி? நீங்க அதைத்தானே படிக்கிறீங்க. நீங்க சொன்னா நிம்மதியா இருக்கும்."

என் அத்தியாயமே இதற்கு நேர் எதிர். ரிசர்வ் பின்னால்தான் நிற்கும் என்று எதிரி நம்பினான். ஜெர்மானியர் முன்வரிசையிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பேரா. போன மாதம் பாராட்டியது இதைத்தான்.

அறைக்குள்ளேயே நடை.

8 டிசம்பர்

லேபிலிருந்து நண்பன் ரஹீம் வந்தான். "நம்ம ஊர் சிஸ்டம் வேறடா. சும்மா பயப்படாதே." அவன் கெமிஸ்ட்ரி, அவனுக்கென்ன தெரியும். எனக்குத்தான் என்ன தெரியும்? அண்ணன் கிழக்கு எல்லையில் இருக்கிறானா மேற்கிலா என்றுகூடத் தெரியாது.

மாலையில் கீழ்வீட்டு ஃப்ராவ் க்ளைன், வீட்டுக்கார அம்மாள். "நாள் பூரா என் தலைக்கு மேல நடக்கறீங்களே, என்ன ஆச்சு?"

சொன்னேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பாவும் 1914-இல் ரிசர்வாம்.

"பாலத்துக்குக் காவல்தான் போடுவாங்கன்னு என் பெரியப்பா சொன்னார். பட்டாளத்துல இருந்தவர். அம்மா அந்த ஆகஸ்ட் பூரா நல்லாத் தூங்கினாங்க. செப்டம்பர்ல தந்தி வந்தது."

"தெரிஞ்சே பொய் சொன்னாரா?"

"அம்மா அதைக் கேக்கலை. சாகற வரைக்கும் அவரோட பேசவும் இல்லை."

9 டிசம்பர்

மழை. ரிப்பன் வாங்க மறந்தேன். அத்தியாயம் அப்படியே கிடக்கிறது.

அண்ணிக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். உண்மையை எழுதினால் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கடைசியில் எழுதியது: ஆமாம் அண்ணி, பின்னால்தான் வைப்பார்கள். பாலத்துக்குக் காவல் மாதிரி வேலை. தைரியமாக இருங்கள்.

தபாலில் போட்டாயிற்று. அண்ணன் வரட்டும். வராவிட்டால் அண்ணி என்னோடு பேச வேண்டாம்.