வைக்கோலில் வைத்த மாங்காய்

அறைக்குள் மாம்பழ வாசனை. நீங்கள் போவதற்கு முந்தின நாள் வைக்கோலில் புதைத்து வைத்த மாங்காய்கள் பழுத்துவிட்டன. நேற்று உங்கள் பத்தாம் நாள் காரியம் முடிந்தது. நான் இன்னும் அழவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள்.

ஒவ்வொரு வருஷமும் பழுத்ததா என்று தினமும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பீர்கள். "அமுக்காதீங்க, கன்னிப்போயிடும்" என்று கத்துவேன். தாவரவியல் வாத்தியார் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா?

"காய்க்குள்ள சின்னச் சின்ன அறையா கீது. ஒவ்வொண்ணுக்கும் சொவுரு. சொவுரும் சர்க்கரைதான், சொவுருங்களை ஒட்டவெச்சிக்கினு கீற பசையும் சர்க்கரைதான். பழுக்கும்போது அந்தப் பசை கரையுது, அதான் மெத்துனு ஆவுது" என்பீர்கள்.

"அத்தனையும் சர்க்கரைன்னா காய் ஏன் இனிக்கல?" என்று மடக்கினேன் ஒருநாள்.

"கைகோத்துக்கினு கீற சர்க்கரை நாக்குக்குத் தெரியாது" என்றீர்கள்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்தபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. அங்கே என் அம்மா தனியாக இருந்தாள். நம் புத்தூர் ஆந்திராவில் நின்றது. இங்கேயே வேலையா, மெட்ராஸுக்கு மாற்றலா என்று கேட்டுச் சித்தூர் கல்வி ஆபீஸிலிருந்து உங்களுக்குப் படிவம் வந்தது. அதை மேசைமேல் வைத்தீர்கள். நான் தினமும் தூசி தட்டி அதே இடத்தில் வைத்தேன். போகலாம் என்று நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கெடு முடிந்துவிட்டது. பிறகு அம்மா இறந்தபோது நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதற்காக உங்களை நான் மன்னிக்கவே இல்லை. வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் அக்கா வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிக்கு அப்பவே மெட்ராஸ் பக்கம் போவணும்னு ஆசைம்மா. 'அவளுக்கு இந்த வீடு புடிச்சிப்போச்சுக்கா, அவளா வாயத் தொறந்து கேட்டா உடனே கெளம்பிடலாம்'னு சொல்லிக்கினே இருந்துச்சு."

"அப்படியா" என்றேன். எச்சில் இலை எடுக்கப் போய்விட்டேன்.

இப்போது ஒரு பழத்தை உங்களைப் போலவே கட்டைவிரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போயிற்று. கத்த ஆளில்லை. அறுத்துத் தின்றேன். இனிப்பாக இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். நான் கேட்காத "போகலாமா" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.