பாத்ரூமில் காயும் கிதார்

அக்கா வீடு
ஏப்ரல் 6

லிப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அக்காவும் மாமாவும் நலம். நான் நலமா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: இல்லை.

நடந்ததை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுவது நல்லது. பேசினால் நீங்கள் நடுவில் புகுந்து அதை வேறு கதையாக்கிவிடுவீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், என் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி, என்னுடைய எலக்ட்ரிக் கிதாரின் கம்பிகளைக் கழற்றி, கழுத்தைக் கழற்றி, உடம்பில் இருந்த கறுப்புப் பெயின்ட்டை முழுக்க உரித்துவிட்டீர்கள். கல்லூரியிலிருந்து என்னோடு வந்த கிதார். என் முன்கை உரசி உரசிக் கறுப்பு போய் மரம் தெரிந்த இடம் ஒன்று அதில் இருந்தது. இப்போது எல்லா இடத்திலும் மரம்தான் தெரிகிறது. கேட்டதற்கு, "பழசா இருந்துச்சு, புதுசாக்கிடலாம்னு பார்த்தேன்" என்றீர்கள். எனக்கும் வயது ஏறிக்கொண்டுதான் போகிறது. முன்கூட்டியே கிளம்பிவிட்டேன்.

இன்னொன்று. அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருக்கிறது. தலைமையாசிரியை அக்காவுக்கு வேண்டியவர். மே மாதக் கடைசிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று நான் சொல்ல வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை போன் வேண்டாம், நேரில் வரவேண்டாம். கடிதம் எழுதினால் படிப்பேன். கிதாரை மறுபடி கிதாராக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
கிதாரின் சொந்தக்காரி


ஏப்ரல் 12

அன்புள்ள டீச்சர்,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

வேலை தொடங்கிவிட்டது. ரிமூவர் போட்டு உரித்ததில் மூலைமுடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பை எல்லாம் சுரண்டி எடுத்தேன். பிறகு பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து கதவைத் தட்டினார். அவர் தைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகள்மேல் மரத்தூள் முழுக்க இறங்கியிருக்கிறது.

"தம்பி, மேலே என்ன, ஆள் யாரையாச்சும் அறுக்குறியா?"

"கிதார் தேய்க்கிறேன் அண்ணே."

"கிதாரை வாசிச்சுத்தானே பார்த்திருக்கேன். ஏன் தேய்க்கிறே?"

"வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா அண்ணே."

அவர் கையிலிருந்த சட்டையை ஒருமுறை உதறினார். "அப்ப நல்லாத் தேய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் இடத்தை பாத்ரூமுக்கு மாற்றிவிட்டேன். ஒரு சிறு குழப்பம். லிப்ட் கதவைத் துடைக்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் மரம் முழுக்க ரங்கோலி போட்டதுபோல் கோடு தெரிகிறது. இதற்கு என்ன செய்வது? நீ கணக்கு டீச்சர், வட்டம் உனக்குத்தான் தெரியும்.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். இரண்டும் சரியாக இல்லை.

உன்,
மெக்கானிக்


ஏப்ரல் 19

மெக்கானிக்குக்கு,

மரியாதை கொடுத்தால் எழுந்து நிற்பாய் என்றால் வேண்டாம், நீ என்றே எழுதுகிறேன். கோபம் குறைந்துவிட்டதாக எண்ணாதே.

மரத்தில் ரேகை ஓடும் திசை தெரியும். அந்தத் திசையிலேயே நீளவாக்கில் தேய்க்க வேண்டும். முதலில் முரடான தாள், பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு. நடுவில் எதையும் தாண்டாதே. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை எடுப்பதற்குத்தான். உனக்குக் கடைசித் தாளுக்கு ஓடும் புத்தி, அதனால் சொல்கிறேன்.

நேற்று சாப்பிடும்போது உன் பேச்சு வந்தது. மாமா உனக்காகப் பரிந்து பேசினார். "பாவம் சகலை. ஆசையாத்தானே செஞ்சிருக்கார்."

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "நீங்க தூங்கும்போது உங்க மீசையை நான் ஆசையா எடுத்துட்டா?"

மாமா மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து அவர் என் கட்சி.

ஆனால் அக்கா கேட்டது வேடிக்கைக்கு மட்டுமில்லை என்று எனக்குப் படுகிறது. நீ கெட்டது எதுவும் செய்யவில்லை. அதுதான் சங்கடம். கெட்டது செய்தவனோடு சண்டை போடுவது சுலபம். நீ எனக்கு நல்லது செய்துகொண்டே இருக்கிறாய், நான் பக்கத்தில் இல்லாதபோது. போன வருஷம் என் புத்தக அலமாரியை உயரவாரியாக அடுக்கினாய். எந்தப் புத்தகம் எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இது கேள்விதான். பதில் எழுதலாம்.

கிதாரின் சொந்தக்காரி


மே 2

அன்புள்ள டீச்சர்,

உன் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நல்ல செய்தி. வட்டமெல்லாம் போய்விட்டது. மரம் இப்போது சோப்புக் கட்டிபோல் வழவழவென்று இருக்கிறது. ரேகைக் குழிகளை அடைக்கப் பட்டி பூசி, துணியால் குறுக்கே வழித்து எடுத்தேன். அதன்மேல், பெயின்ட்டை மரம் உறிஞ்சாமல் இருக்க, சீலர். கழுத்து மாட்டுகிற இடத்தில் ஒரு மரச்சட்டத்தைத் திருகி, பாத்ரூம் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். நான் கீழே தையல்காரர் வீட்டில் குளிக்கிறேன். அவர், "கிதார் இங்கே தொங்கட்டும் தம்பி, நீ உன் வீட்டுலயே குளி" என்கிறார்.

பெயின்ட்டும் அடித்தாயிற்று. ஸ்பிரேயை ரொம்பப் பக்கத்தில் பிடித்ததில் ஒரு ஒழுகல் விழுந்தது. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. என் கட்டைவிரல் ரேகை போலீஸில் கொடுக்கலாம்போல அச்சாக விழுந்துவிட்டது. அதைத் தேய்த்து எடுத்து, மறுபடி அடித்து, மறுபடி தொட்டேன். என்னைக் கட்டிப்போட ஆள் வேண்டும். மூன்றாவது தடவை கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், ஒரு கொசு போய் உட்கார்ந்தது. அதை எடுக்கப் போனதில் ஒரு கொசுவும் இரண்டு விரலும் பதிந்துவிட்டன.

இப்போது எல்லாம் சரி செய்துவிட்டேன். நிறம் உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன், கை நிற்கவில்லை, சொல்லிவிடுகிறேன். சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை. லிப்டில் அவசரத்துக்கு அமுக்குகிற பொத்தான் இருக்குமே, அந்தச் சிவப்பு. தையல்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வாயடைத்துப் போய்விட்டார்.

உன் கேள்வி: இனிமேல் கண்டிப்பாகக் கேட்பேன்.

உன்,
மெக்கானிக்


மே 7

மெக்கானிக்குக்கு,

உன் கடிதத்தின் கடைசி இரண்டு பத்தியை இன்னொருமுறை படித்துப் பார். முதல் பத்தியில் என் கிதாருக்கு நீயாகச் சிவப்பு அடித்துவிட்டு, அடுத்த பத்தியில் இனிமேல் கேட்பேன் என்கிறாய். நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாமா வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அந்தப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். வகுப்பறையில் பெரிய ஜன்னல். கரும்பலகையில் வெடிப்பு இல்லை. தலைமையாசிரியை, "எப்ப சேர்றீங்க?" என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க நிறைய இருந்தது. உன் சிவப்பு அதில் பாதியைக் குறைத்துவிட்டது.

கிதாரின் சொந்தக்காரி


மே 11

டீச்சர்,

சிவப்பை எடுத்துவிட்டேன். முரட்டுத் தாள், நைசு, அதைவிட நைசு. எதையும் தாண்டவில்லை. ஓரங்கள் கொஞ்சம் மெலிந்திருக்கின்றன. இன்னும் இரண்டு தடவை இப்படிச் செய்தால் காய் நறுக்கத்தான் ஆகும். தையல்காரரிடம் அன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ என்னைக் கேட்கலையே தம்பி" என்றார்.

வெறும் மரம் தொங்குகிறது. நீ சொல்லாமல் அதன்மேல் எதுவும் விழாது. பெயின்ட் கடைப் பக்கமே போகவில்லை.

உன் கிதாருக்கு என்ன நிறம் வேண்டும்?

மெக்கானிக்


மே 25

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைதானே. கறுப்பு என்று எழுதினேன், அடித்தேன். யோசித்துப் பார்த்தால் கறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. அன்றைக்குக் கடையில் அது ஒன்றுதான் இருந்தது. நீலம் என்று எழுதினேன். அது மாமாவின் ஸ்கூட்டர். பச்சை என்று எழுதி அடித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உன்னோடு இவ்வளவு சண்டை போட்டேனே, கேட்டால் சொல்ல என்னிடம் பதில் தயாராக இல்லை. இது தெரிந்ததும் முதலில் வெட்கமாகவும் பிறகு ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு ஆற அமர யோசித்தேன். இப்படி நான் எதையும் யோசித்து ரொம்ப நாளாகிறது.

நடுவில் நீ சும்மா இருக்கமாட்டாய் என்று நினைத்தேன். "சீக்கிரம் சொல்லு" என்று ஒரு கடிதம் வரும், "நீலமா?" என்று ஒன்று வரும், கடைசியில் நீலம் அடித்துவிட்டேன் என்று ஒன்று வரும். தபால்காரர் தினமும் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். "சகலைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மாமா கேட்டார். எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் உடம்பு சரியில்லை என்றால் அதையும் நீ நீளமாக எழுதியிருப்பாய்.

எனக்கு நிறமே வேண்டாம். மரம் அதன் நிறத்திலேயே இருக்கட்டும். நிறமில்லாத லாக்கர் வார்னிஷ் ஸ்பிரே வாங்கி வை. லேசாக, தள்ளி நின்று, பல தடவை அடிக்க வேண்டும். அதை நான் அடிப்பேன். நீ கதவுக்கு வெளியே.

சனிக்கிழமை காலை வருகிறேன். பாத்ரூம் தரையை நன்றாக நனைத்து வை, தூசி அடங்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பள்ளிக்கூட விஷயம் நேரில்.

அக்காவின் தங்கை


சனிக்கிழமை
பாத்ரூமுக்கு உள்ளேயிருந்து

முகமூடி போட்டிருக்கிறேன், பேசினால் உனக்குக் கேட்காது. கதவைத் திறந்தால் தூசி வரும். ஏதாவது அவசரம் என்றால் மட்டும் எழுதிக் கதவுக்கடியில் தள்ளு. காகிதத்துக்குத் தட்டுப்பாடு இல்லை, உன் மேஜையில் பாதிக் கடிதங்கள் கிடப்பதைப் பார்த்தேன். "நீலமா?" என்று ஒன்றுகூட இருக்கிறது. அனுப்பாததற்கு நன்றி.


வெளியே

டீச்சர், ஜன்னல் போதுமா? விளக்குப் போடவா? தண்ணீர் வேண்டுமா? மின்விசிறியைக் கதவுப் பக்கம் திருப்பவா, வேண்டாமா?


உள்ளே

தரை ஈரத்தில் உன் சீட்டு ஊறிவிட்டது. பேனா வேண்டாம், பென்சிலால் எழுது. போதும். வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.


வெளியே

பென்சில். ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா என்று முதலில் கேட்கிறேன்.


உள்ளே

கேள்.


வெளியே

அந்தத் தலைமையாசிரியைக்கு என்ன பதில் சொன்னாய்? எதுவாக இருந்தாலும் சரி. நானாக உன் சாமான் எதையும் மூட்டைகட்டி வைக்கவில்லை, அவிழ்த்தும் வைக்கவில்லை.


உள்ளே

வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அக்கா வீட்டில் ஒரே பாத்ரூம், மாமா உள்ளே போனால் பேப்பர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வருவார், என் கிதாரை எங்கே தொங்கவிடுவது என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இரண்டாவது பூச்சு முடிந்தது. மரத்தில் தேன் ஊற்றின மாதிரி ரேகை எழும்பி வருகிறது.


வெளியே

தையல்காரர் வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "அப்பாடா" என்றார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். நாளையிலிருந்து நான் எங்கே குளிப்பது என்று நாம் மூவரும் பேச வேண்டுமாம்.

உனக்குப் பசிக்கிறதா? சாதமா, ரொட்டியா? முட்டை ஒன்றா, இரண்டா? இப்போதே செய்யவா, நீ வந்ததும் செய்யவா? உப்பு எவ்வளவு?


உள்ளே

உப்பை எல்லாம் என்னைக் கேட்காதே. நீயாக ஏதாவது முடிவு செய்து ஏதாவது சமை. இனிச் சீட்டு அனுப்பினால் பதில் வராது. இந்தப் பூச்சு முடிந்ததும் நானே கதவைத் திறந்துகொண்டு வருகிறேன்.


வெளியே

சரி.

வெங்காயம் பொடியாகவா, நீளமாகவா?