பின்பக்க வீட்டுக்கு எத்தனை கதவு

ஜனவரி 7, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அது எழுதிக்கொள்ளும், பக்கத்துப் படத்தை அழுத்தினால் ஒரு பெண் குரலில் வாசித்துக் காட்டும். மாத்திரை நேரத்தைக் குறித்துக்கொள்ள மருமகள் சபீஹா சொல்லிக்கொடுத்தாள். நான் என் சமாச்சாரத்தையும் இதிலேயே போட்டு வைக்கிறேன். ஒரே ஒரு தொல்லை. 'வூடு' என்றால் 'ஊது' என்கிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுகிறேன். எழுபத்து மூன்று வயதில் பக்கீர் முகமதுவுக்கு இலக்கணம் வருகிறது!

மகன் அசார் இன்று முடிவாகச் சொல்லிவிட்டான். பின்பக்கக் காலி இடத்தில் எனக்கு ஒரு குட்டி வீடு. "பத்துக்குப் பன்னிரண்டு ரூம், ஒரு பாத்ரூம். உங்களுக்குப் போதும்ல அத்தா?" மிச்ச இடத்தில் அவன் புதுக் காருக்கு ஷெட்.

போதும் என்றேன். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மேஸ்திரி ஏகநாதன் வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். இடுப்பு நாற்பத்திரண்டு இருக்கும், பெல்ட் தொப்பைக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நாற்பத்தாறு வருடம் தையல் கடை வைத்திருந்தவன் நான். அளவு நோட்டு வைத்துக்கொண்டதே இல்லை. எழுதத் தெரிந்தால்தானே? ஒரு தடவை டேப் சுற்றினால் போதும், தலையில் ஏறிவிடும்.

கோட்டுக்குள் போய் நின்று பார்த்தேன்.

"இன்னா பாய், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"சட்டையா பாய் இது, பிடிக்கிறதுக்கு? ரூமு! எத்தினி பேரு இருக்கப் போறீங்க, அத்த சொல்லு. சைஸு நான் சொல்றேன்."

செருப்பைத் தேடினேன். காலிலேயே இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

இங்கே சொல்லிவிடுகிறேன். போன் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது?

இரண்டு பேர்.

சாஹிரா. கீழ்க்கட்டளையில் லைனிங் துணி, நூல், பட்டன் விற்கிற கடை வைத்திருந்தவள். முப்பது வருடம் அவளிடம்தான் வாங்கினேன். எனக்குக் கடிதம், பில் எது வந்தாலும் படித்துச் சொல்வாள், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அவள் புருஷன் போய்ப் பதினேழு வருடம். என் ஷம்ஷாத் போய் எட்டு வருடம். கடையை மூடிய பிறகு தங்கை மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் கேட்டுவிட்டேன், நிக்காஹ் செய்துகொள்வோமா என்று. சிரித்தாள். யோசிக்கிறேன் என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

கீழ்க்கட்டளைக்குப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஒரே ரூமா? அப்போ நான் வரலை டெய்லர் பாய்."

அவள் சொன்னதை அப்படியே போட்டு வைக்கிறேன். "பொறந்த வீட்டுல அஞ்சு பேரோட ஒரு ரூம். கட்டிக்கிட்டுப் போன வீட்டுல மாமியாரோட. இப்ப ஹால். அவங்க டிவிய நிறுத்தினாதான் எனக்குத் தூக்கம். அறுபத்தாறு வயசாச்சு, உள்ள போய்க் கதவைச் சாத்திக்க எனக்குன்னு ஒரு ரூம் இருந்ததில்ல. உங்க மேல கோவம் இல்ல. ரெண்டு கதவு வைங்க, வரேன்."

பஸ்ஸில் இதே யோசனை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனை பேர் இடுப்பளவு எனக்குத் தெரியும். இவளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முப்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லையே.

ஜனவரி 21, செவ்வாய்

மேஸ்திரியிடம் இன்னொரு ரூம் கேட்டேன். "அப்ப கார் ஷெட்டு கெடையாது பாய். ரெண்டுல ஒண்ணுதான்." போச்சு.

ஜனவரி 26, ஞாயிறு

"எதுக்கு அத்தா ரெண்டாவது ரூம்?"

"தையல் மெஷின் வைக்க."

"அது மாடிப்படிக்குக் கீழ நல்லாத்தானே இருக்கு?"

"விருந்தாளி வந்தா?"

"நம்ம வீட்டுக்கு யார் வர்றா?"

சபீஹா குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். புத்திசாலிப் பெண். அதுதான் பயம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மானம் போன நாள்.

ஹாலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம், மேஸ்திரியும்தான். சாப்பிட்டது எந்த மாத்திரை என்று கேட்டுக்கொள்ளலாம் என்று படத்தை அழுத்தினேன். அந்தப் பெண் கணீரென்று ஆரம்பித்தாள்: "இரண்டு பேர். சாஹிரா. கீழ்க்கட்டளையில்—" நிறுத்துவது எந்தப் படம்? தெரியவில்லை. எல்லாவற்றையும் அழுத்தினேன். சத்தம் கூடியது. சோபாத் தலையணைக்குக் கீழே அமுக்கினேன். அங்கேயிருந்தும் "நிக்காஹ் செய்துகொள்வோமா" என்றாள், இலக்கண சுத்தமாக.

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். "மொத நாளே சொல்லிருந்தா கோட்ட அப்பவே இஸ்துகினு போயிருப்பேனே பாய்!"

சபீஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அசார் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனான்.

பிப்ரவரி 3, திங்கள்

அசார் பேசவில்லை. கார் துடைத்தான். நேற்றும் துடைத்த கார்.

பிப்ரவரி 5, புதன்

இன்று பேசினான். "அம்மா இருந்த வீட்டுல..." என்றான்.

எனக்கும் தாங்கவில்லை. "ஷம்ஷாத்த மறந்துட்டேன்னா நெனக்கிறே? அவ ஜாக்கெட் கை ஒம்போதே கால் இஞ்ச். வலது தோளு கால் இஞ்ச் எறக்கம், வெளிய தெரியாம உள்ள பட்டி வெச்சுத் தைப்பேன். மறக்கறதுக்கு நான் என்ன நோட்டுலயா எழுதி வெச்சிருக்கேன், கிழிச்சுப் போட?"

அசார் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அப்படியா அத்தா?" என்றான்.

"உனக்கும்தான். பள்ளிக்கூட யூனிஃபார்ம்லேர்ந்து பட்டி வெச்சுத்தான் தைக்கிறேன்."

பிப்ரவரி 9, ஞாயிறு

சபீஹா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அவங்களுக்கு முட்டி வலி இருக்கா மாமா?"

இருக்கு என்றேன்.

"அப்ப வெஸ்டர்ன் டாய்லெட் வெக்கச் சொல்லுங்க. புடிச்சி எந்திரிக்க ஒரு கம்பியும்."

அசார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேஸ்திரி பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார். புதுக் கோடு: பத்துக்குப் பத்தில் இரண்டு ரூம், நடுவில் சின்னதாகச் சமையல் மேடை. ஷெட் இடம் கோட்டுக்குள் போய்விட்டது. அசார் அங்கே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்த ரெண்டாவது ரூம்," என்றான், "தாழ்ப்பாள் உள்பக்கம் வெச்சிடுங்க மேஸ்திரி."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கார் தெருவில் நிற்கிறது. டேப் பிடித்து அளவெடுத்து நானே உறை தைத்துப் போட்டேன், இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் காது மாதிரித் தனிப் பை வைத்து. அசார் சுற்றி வந்து பார்த்தான்.

"கொஞ்சம் லூசா இருக்கே அத்தா."

"அடுத்த கார் பெருசா வாங்குவேல்ல? துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன்."

சிரித்துவிட்டான்.

இன்றைக்குப் போன் இல்லை. நோட்டும் பேனாவும், போன மாதம் நிக்காஹ் முடிந்து வந்த சாஹிரா கையில். நான் எப்படிச் சொன்னாலும் சரியாக எழுதிவிடுகிறாளாம், ரேடியோ மாதிரிப் பேச வேண்டியதில்லையாம். "மெதுவா சொல்லுங்க டெய்லர் பாய், கை வலிக்குது" என்கிறாள். போதும், என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறேன் என்கிறாள்.

அதையும் எழுதிவிட்டுப் போ என்றேன். எழுதிவிட்டாள்.